கில்கித்-பல்திஸ்தான் மாகாணமா? கட்டுரையாளருக்குப் பதில்

கில்கித்-பல்திஸ்தானைப் பாகிஸ்தானின் மாகாணம் என்று கட்டுரையில் குறிப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். அப்பகுதிக்குத் தன்னாட்சி வழங்கப் பாகிஸ்தான் அரசு பிறப்பித்த 2009ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு அங்கே சட்டப்பேரவையும் முதலமைச்சரும் இருந்தாலும், பாகிஸ்தான் அரசியலமைப்பின் முதல் பிரிவு அதை மாகாணமாகப் பட்டியலிடவில்லை. இஸ்லாமாபாத் நாடாளுமன்றத்தில் அதற்கு உறுப்பினரும் கிடையாது. இந்தியாவோ 2019 முதல் அதை லடாக் யூனியன் பிரதேசத்துக்குள் வரைந்து காட்டுகிறது. ஆகவே, ‘பாகிஸ்தான் நிர்வகிக்கும், இந்தியா உரிமை கோரும் பகுதி’ என்று எழுதுவதே பொருத்தம்.

மொழிகளைப் பொறுத்தவரை நீங்கள் உருதோடு நின்றுவிட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. அலுவலகத்தில் உருது செல்லுபடியானாலும், கில்கித் வீடுகளில் ஷினாவும், ஸ்கர்தூ பக்கம் லடாக்கிக்கு நெருங்கிய பல்தியும், ஹுன்சா, நகர், யாசின் பள்ளத்தாக்குகளில் எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத புருஷஸ்கியும் பேசப்படுகின்றன. அவற்றுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குங்கள்.