பனையில் ஒட்டுக்கன்று கிடையாது

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வரப்பு ஓரத்தில் பனை வளர்க்க ஆசை. ஒரு முகவர், “ஒட்டுப்பனைக் கன்று தருகிறோம், எல்லாமே பெண் மரம், ஐந்தே ஆண்டில் பதநீர் இறக்கலாம், கருப்பட்டியையும் நாங்களே வாங்கிக்கொள்வோம்” என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? என் தந்தைக்குச் சர்க்கரை நோய். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி சாப்பிட்டால் நல்லது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த முகவர் சொன்னதில் முதல் மூன்றும் பொய். பொய்யில் தொடங்குபவர் உங்கள் கருப்பட்டியை வாங்க வருவார் என்று எப்படி நம்புவது?

மா, கொய்யா போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் வளர்திசு ஒன்று உண்டு. இரண்டு கொம்புகளைச் சேர்த்துக் கட்டினால் அவற்றை ஒன்றாக்குவது அதுதான். பனைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் அது கிடையாது. ஆகவே பனையில் ஒட்டுக்கட்டவே முடியாது. வேளாண் பல்கலைக்கழகம் தேர்வு செய்த குட்டை ரகம் உண்டு, ஆனால் அதுவும் விதையிலிருந்து வருவதே.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. பாளை விட்ட பிறகுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். நுங்குக்குத்தான் பெண் மரம் வேண்டும். பதநீர் இரண்டிலும் இறங்கும். உங்கள் நோக்கம் பதநீர் என்றால் ஆண், பெண் கவலையே தேவையில்லை.

கன்றே வாங்காதீர்கள், விதையை நேரடியாக ஊன்றுங்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் இலை வெளியே வராது. குழல் போன்ற முளை ஒன்று கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அங்கே கிழங்கு திரண்ட பிறகுதான் குருத்து மேலே வரும். சிறிய பாலித்தீன் பையில் அந்த முளை அடியில் முட்டி மடங்கிவிடும். பிடுங்கி நட்டால் ஒடிந்துவிடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: இரண்டடி நீளமுள்ள பையில் கொட்டையை மேலாக வைத்து வளர்த்து, முதல் ஓலை விரியும் பருவத்தில், முளை பையின் அடியைத் தொடுவதற்கு முன், மண் உதிராமல் முழுப் பையையும் குழியில் இறக்கி, பிறகு பையைக் கிழித்து எடுத்தால் பிழைக்கும். மண் சற்று உதிர்ந்தாலும் முளை ஆடிவிடும். அப்படி வளர்த்த கன்று என்று யாராவது விற்றால், முளை மடங்கியிருக்கிறதா என்று பார்க்க, நாற்றங்காலில் உங்கள் கண் முன்னே ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் தானாக விழும் பழங்களை, நன்றாகக் காய்க்கும் மரத்தடியிலிருந்து பொறுக்குங்கள். சதையை நீக்கிக் கொட்டையைச் சில நாள் நிழலில் ஆற வைத்து, பத்தடி இடைவெளியில் ஓரடிக் குழியில் ஊன்றுங்கள். சில முளைக்காமல் போகும், ஆகவே குழிக்கு இரண்டு போடுங்கள். வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் சில ஆண்டுகள் ஆடு மாடும், வரப்புக்கு வைக்கும் தீயும் அண்டாமல் காத்தால் போதும்.

இனிக் கருப்பட்டி. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். இரும்பும் பிற தாதுக்களும் சிறிதளவு இருப்பதால் இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் போகாது. உங்கள் தந்தைக்கு வேண்டாம். பனங்கற்கண்டும் பதநீரும் வேண்டாம். இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மற்றவர்களுக்கு, தொண்டைக் கரகரப்புக்கு மிளகுப் பாலில் பனங்கற்கண்டு, பிள்ளை பெற்றவளுக்குச் சுக்குக் கருப்பட்டி, வேர்க்குருவுக்கு நுங்கு நீர் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்துவருவதை நான் மதிக்கிறேன். அவை ஆறுதல் தரும் கைமருந்துகள், நோய் தீர்க்கும் சஞ்சீவி அல்ல.

அதுவும் சரக்கு உண்மையானதாக இருந்தால்தான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்ச வேண்டும். பனையேறும் கூலி, விறகு, உழைப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வெள்ளைச் சர்க்கரை விலையை ஒட்டி ஒருவர் விற்றால் அதில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரைதான். கடித்துப் பார், நீரில் கரைத்துப் பார் என்னும் சோதனைகளையும் கலப்படக்காரர்கள் கற்றுவைத்திருக்கிறார்கள். பருவ காலத்தில் காய்ச்சுபவரின் விடிலிக்கே, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்கே, போய் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். விதை ஊன்றுவது எளிது, ஏறுவதற்கு ஆள் எங்கே? 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தார்கள். நல்லது. கொடுத்த விதையை எண்ணியவர்கள் முளைத்ததையும் எண்ண வேண்டாமா? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள். இந்த வேறுபாட்டைக் கூடப் பாராமல், பதநீர் இறக்குபவரையும் கள் வழக்கில் சேர்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் விட்டிருக்கிறோம். பிறகு அவர் பிள்ளை ஏன் பனை ஏற வரவில்லை என்று மேடையில் வருந்துகிறோம்.

மின்கம்பிக்கு அடியிலும் பக்கத்து நிலத்தின் எல்லையை ஒட்டியும் ஊன்றாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. தவறான இடத்தில் வளர்ந்த மரத்துக்காக நீங்களோ உங்கள் பிள்ளைகளோ மனுவோடு அலைய நேரும். குழி எடுக்கும் முன் வரப்பை அளந்து எல்லைக்கல்லைப் பார்த்துவிடுங்கள்.