ஏற்காடு காபி: நிழல் மரத்தை வெட்டாதீர்கள்

ஏற்காட்டில் காபி பூக்க உதவும் பூ மழை தவறிவிட்டது, அராபிகா வகைக் காபிச் செடிகள் மஞ்சளாகி வாடுகின்றன, நிழல் மரமான சில்வர் ஓக்கை வெட்டி விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாங்க. அராபிகாவுக்கு 15 முதல் 25 டிகிரிதான் ஒத்துவரும்; மலையும் சூடேறும் காலத்தில் நிழல்தான் அதற்குக் குடை. வெயில் விழும் செடியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தேடிவந்து முட்டையிடும்.

தண்டைத் தடவிப் பாருங்கள். மேடு மேடாக வளையம் தட்டுப்பட்டால் உள்ளே புழு இருக்கிறது. ஏப்ரலில் வண்டு வெளியேறும் முன்பே அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். மற்றவற்றின் செதில் பட்டையைத் தேய்த்தெடுத்து, 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் பூசலாம். அப்புறம், வெயில் இறங்கும் இடைவெளியில் பலா, கல்யாண முருங்கை நடுங்கள். வருமானத்துக்கு அந்த ஓக்கிலேயே மிளகுக் கொடி ஏற்றுங்கள்.