ஜூன் 31க்குள் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: கணக்கியல் டிப்ளோமா முடித்திருக்கிறேன். தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். மேலே பணியிடம் பாயான் லெப்பாஸ் என்று இருக்கிறது, கீழே பத்து காவான். சம்பளம் 1,500 வெள்ளி, வாரம் 48 மணி நேரம் வேலை. ஒரு வரியில் அனுபவம் தேவையில்லை, இன்னொரு வரியில் மூன்று ஆண்டு அனுபவம். கடைசித் தேதி ஜூன் 31! அண்ணன் இது ஏமாற்று வேலை என்கிறார், அம்மா போட்டுப் பார் என்கிறார். போடலாமா? தப்புகளை எடுத்துச் சொல்லலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போடுங்கள். ஏமாற்றுகிறவன் 1,500 வெள்ளி என்றா போடுவான்? வீட்டிலிருந்தே வேலை, மாதம் 5,000 என்று போடுவான்.

அந்த 1,500, 48 இரண்டையும் பாருங்கள், கதை அதில்தான் இருக்கிறது. மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் 1,500 ஆனது 2022 மே மாதம். வாரத்துக்கு அதிகபட்சம் 48 மணி நேரம் என்ற வரம்பு 2023 ஜனவரியில் 45 ஆகக் குறைந்தது. ஆக இரண்டும் சேர்ந்து சரியாக இருந்தது 2022இல் ஒரு எட்டு மாதம்தான். யாரோ அந்தக் காலத்து ஃபைலைத் தோண்டியெடுத்து, தேதியை மட்டும் மாற்றி (அதையும் ஒழுங்காக மாற்றாமல்) போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. சோம்பேறித்தனம், மோசடி இல்லை.

ஆனால் உண்மையிலேயே 1,500தான் கொடுப்போம் என்றால் அது வேறு விஷயம். 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், ஆகஸ்டிலிருந்து எல்லா இடங்களிலும் 1,700 கொடுத்தாக வேண்டும். "அடிப்படை 1,500, அலவன்ஸ் 200, சரியாகப் போச்சு" என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள், 1,700 என்பது அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ் அதில் சேராது. கையெழுத்துப் போடும் முன் நியமனக் கடிதத்தில் அந்த எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

இடம் எது என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். பத்து காவான் உங்கள் கரையிலேயே இருக்கிறது, பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் என்றால் தினமும் பாலம் தாண்ட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 2019லிருந்து டோல் இல்லைதான், ஆனால் காலை நெரிசலுக்கு யாரும் விலக்கு தரவில்லையே.

அனுபவ வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், படிக்கும்போது செய்த தொழிற்பயிற்சியை எழுதி அனுப்புங்கள். ஜூன் 31ஐ 30 என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் காத்திருக்காமல் இன்றே அனுப்புங்கள். தப்புகளைப் பட்டியல் போடாதீர்கள், அந்த விளம்பரத்தை எழுதியவரே உங்கள் விண்ணப்பத்தை முதலில் திறப்பவராக இருக்கலாம். "பணியிடம் எது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று ஒரு வரி போதும்.

அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். நிறுவனத்தின் பெயர் எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். விளம்பரத்தில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு இப்படி ஒரு வேலை காலியா என்று கேட்கட்டும். அதுவரை அடையாள அட்டை நகலை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: நான் பார்த்த விளம்பரத்தில் ஒரு பிழைகூட இல்லை. வேலை உறுதி என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, பயிற்சிக்கு 150 வெள்ளி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், செந்தூல்

பதில்: கட்டாதீர்கள். பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கு எண்ணை மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், அதில் ஒன்றும் வரவில்லை என்றாலும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டு எனக்கு எழுதியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் தேசிய மோசடி உதவி மையத்தின் 997க்குக் கூப்பிடுங்கள்.