மணல் நம்மிடம், பதக்கம் நார்வேயிடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்துக்காரன். சின்ன வயதிலிருந்து வாலிபால் ஆடுகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மணலில் அணிக்கு இரண்டு பேர் ஆடும் பீச் வாலிபாலில், ஆண்கள் பதக்கம் மூன்றும் ஸ்வீடன், ஜெர்மனி, நார்வேக்குப் போயிற்று. பெண்களில் மூன்றாவது சுவிட்சர்லாந்து. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை மணலிலேயே பிறந்து வளர்கிற நாங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் உயரமா, காசா? முன்பெல்லாம் யார் ஜெயித்தார்கள்? எங்கள் பையன்கள் இந்த ஆட்டத்துக்கு வரலாமா? "ரெண்டு பேர் ஆடுறதெல்லாம் வெள்ளைக்காரன் லீவு நாள் விளையாட்டு" என்கிறார் என் மச்சான்.

– ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள தம்பிக்கு,

மச்சானிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது பாதி சரி. கலிஃபோர்னியாக் கடற்கரையில் பொழுதுபோக்காக வளர்ந்த ஆட்டம்தான் இது. சர்வதேச வாலிபால் சம்மேளனம் இதைக் கையில் எடுத்தது 1987-இல். ரியோவின் இபனேமா கடற்கரையில் நடந்த அந்த முதல் போட்டியை அமெரிக்காவின் சின்ஜின் ஸ்மித்தும் ராண்டி ஸ்டோக்லாஸும் ஜெயித்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கோடு சேர்த்துக் காட்சிப் போட்டியாக வைத்துப் பார்த்தார்கள். 1996 அட்லாண்டாவில் பதக்க ஆட்டமாகிவிட்டது. அதோடு லீவு முடிந்துவிட்டது என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

அட்லாண்டாவில் ஆண்கள் தங்கம் கார்ச் கிராலிக்கும் கென்ட் ஸ்டெஃப்ஸுக்கும். கிராலிக்கு அப்போது 35 வயது. 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆறு பேர் ஆடும் உள்ளரங்க ஆட்டத்தில் தங்கம் வாங்கியவர். உள்ளரங்கிலும் மணலிலும் தங்கம் வாங்கிய ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். பெண்கள் இறுதியாட்டத்தில் இரண்டு பக்கமும் பிரேசில். ஜாக்கி சில்வாவும் சான்ட்ரா பிரெஸும் வென்றார்கள். எந்த விளையாட்டிலும் பிரேசில் பெண்கள் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அன்று தொடங்கி பாரிஸ் வரை எட்டு ஒலிம்பிக், 16 தங்கம். அமெரிக்காவுக்கு 7, பிரேசிலுக்கு 4, ஜெர்மனிக்கு 2, ஆஸ்திரேலியா, நார்வே, ஸ்வீடனுக்கு ஆளுக்கொன்று. எல்லாப் பதக்கங்களையும் கூட்டினால் பிரேசில் 14, அமெரிக்கா 11. பிரேசிலுக்கு வெள்ளி மட்டுமே ஏழு. இறுதியாட்டத்தில் தோற்பதிலும் அவர்களுக்குத்தான் முதலிடம். இந்த இரண்டு பேரின் ஆட்சிதான் சமீபத்தில் ஆட்டம் கண்டிருக்கிறது. டோக்கியோவில் பிரேசில் முதல்முறையாக வெறுங்கையோடு திரும்பியது. பாரிஸில் அமெரிக்காவுக்கும் அதே கதி.

கடல் இருந்தால் போதும் என்ற எண்ணத்தை இந்தப் பட்டியல் நெடுக உடைக்கிறது. 2012 லண்டனில் ஆட்டம் நடந்தது ஹார்ஸ் கார்ட்ஸ் பரேடில், அரசு அலுவலகங்களுக்கு நடுவே லாரி லாரியாக மணல் கொட்டி. பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தடியில். 2007 உலகச் சாம்பியன் போட்டியோ ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் க்ஸ்டாட் என்ற ஊரில். நீங்கள் சொன்ன சுவிட்சர்லாந்துக்கு 2004, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று வெண்கலம் இருக்கிறது.

நார்வேயின் ஆண்டர்ஸ் மோல் 2021-இல், டோக்கியோவில், கிறிஸ்டியன் சோரமோடு தங்கம் வென்றார். அவருடைய அம்மா மெரிடா பெர்ன்ட்சென் 1996 அட்லாண்டாவிலேயே நார்வேக்காக மணலில் ஆடியவர். அப்பா பயிற்சியாளர். நம் ஊரில் மீன்வலை முடிய ஒருவரும் வகுப்பெடுப்பதில்லை, பிள்ளை பார்த்தே கற்றுக்கொள்கிறது. அந்த வீட்டில் இந்த ஆட்டம் அப்படிக் கைமாறியிருக்கிறது.

சரி, மணலும் கடலும் இல்லை என்றால் எது? என் பார்வையில், ஜோடி. பதக்க வரலாறு முழுக்க யார் யாரோடு நின்றார்கள், எத்தனை காலம் நின்றார்கள் என்ற கதைதான். மிஸ்டி மே-டிரெய்னரும் கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸும் 2004, 2008, 2012 என்று தொடர்ந்து மூன்று தங்கம் வென்றார்கள். ஒலிம்பிக்கில் சேர்ந்து ஆடிய 21 ஆட்டமும் வெற்றி. அவற்றில் தோற்றது ஒரே ஒரு செட். 2007, 2008-இல் தொடர்ச்சியாக 112 ஆட்டங்களை வென்றதும் இவர்கள்தான்.

ஜோடி மாறியும் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு. ஏப்ரல் ராஸ் 2012-இல் வெள்ளி, 2016-இல் வெண்கலம், டோக்கியோவில் தங்கம் வாங்கினார், மூன்று முறையும் வேறு வேறு துணையோடு. பிரேசிலின் ரிக்கார்டோ 2000-இல் ஸே மார்க்கோவோடு வெள்ளி வென்றார். பிறகு இமானுவேலோடு 2004-இல் தங்கம், 2008-இல் வெண்கலம்.

எனக்குப் பிடித்தது அனா பட்ரிசியா, டூடா கதை. 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் இருவரும் சேர்ந்து தங்கம் வென்றார்கள். பிறகு பிரிந்து, டோக்கியோவுக்கு ஆளுக்கொரு துணையோடு போனார்கள், இருவருக்கும் பதக்கமில்லை. 2022-இல் மறுபடி சேர்ந்தார்கள். அந்த வருடமே ரோமில் உலகப் பட்டம், பாரிஸில் தங்கம். பாரிஸ் இறுதியாட்டத்தில் வலைக்குக் கீழே கனடாக்காரர்களோடு வாய்ச்சண்டை முற்றியபோது ஒலிபெருக்கிக்காரர் ஒரு பழைய சமாதானப் பாட்டைப் போட, சண்டைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். நம் ஊர் மின்னொளிப் போட்டிகளுக்கு அப்படியொரு மைக் செட்காரர் தேவை.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். நாம் ஆடுவது கடலோரத்து வாலிபால். பீச் வாலிபால் வேறு. பள்ளிவாசலுக்குப் பின்னாலோ கோயில் திடலிலோ இறுகிய தரையில் ஆறு பேர் ஆடுகிறோம். கடற்கரை மணல் வள்ளத்துக்கும் வலைக்கும். நம் அணியில் ஒருவன் லிஃப்ட் மட்டும், அதாவது அடிப்பவனுக்குப் பந்தை உயர்த்தி மட்டும், கொடுப்பான், ஒருவன் அடிக்க மட்டும் செய்வான், பின்னால் நிற்பவன் எடுக்க மட்டும் செய்வான். மணலில் அந்த வசதி கிடையாது. எடுத்தவனே ஓடிப்போய் அடிக்க வேண்டும். மாற்று ஆள் கிடையாது. ஒருவன் காலைச் சுளுக்கிக்கொண்டு வெளியேறினால் ஆட்டமே போச்சு.

சட்டமும் நமக்கு எதிரி. நம் பையன்கள் செல்லமாக வைத்திருக்கும் டிராப், அதாவது விரித்த விரலால் பந்தைத் தட்டி வலையோரம் போடுவது, அங்கே தவறு. விரல் முட்டியாலோ மடக்கிய விரலாலோதான் தள்ளலாம். பிளாக்கில், அதாவது வலையோரம் கையை உயர்த்தி அடியைத் தடுக்கும்போது, பந்து கையில் பட்டாலே மூன்று தொடுதலில் ஒன்று கழிந்துவிடும். விரலால் லிஃப்ட் கொடுக்கும்போது பந்து கொஞ்சம் சுழன்றாலே நடுவரின் கண் அங்கே போகும். அந்தக் கெடுபிடி நம் தரை ஆட்டத்தில் இல்லை.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பிளாக் போடுகிறவருக்கு அது வேண்டும், மறுக்க முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடுகளத்தை ஒரு பக்கத்துக்கு 9 மீட்டர் சதுரத்திலிருந்து 8 மீட்டராகச் சுருக்கியதும் நெட்டையர்களுக்குத்தான் லாபம் என்பது என் கணிப்பு. ஆனால் பின்னால் நிற்கும் ஆளின் கதை வேறு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற புருனோ ஷ்மிட் சுமார் 1.85 மீட்டர். 2000, 2004 இரண்டிலும் வெள்ளி வாங்கிய ஷெல்டா சுமார் 1.65 மீட்டர்தான், அந்த உயரத்தில் நம் ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். நம் கடற்கரையில் பெண்களை ஆட விடுகிறோமா என்பது உங்கள் கடிதத்தில் இல்லாத கேள்வி, இருந்திருக்க வேண்டும்.

காசு? அதுவும் உண்டு. ஆறு பேர் ஆட்டத்தில் ரயில்வே, வங்கி, போலீஸ் என்று வேலைக்கு வழியிருக்கிறது. இருபது வயதில் அதை விட்டுவிட்டு வா என்று எந்தப் பையனிடமும் நான் சொல்ல மாட்டேன். இந்தியா ஆசிய விளையாட்டில் உள்ளரங்கில் 1958-இல் வெண்கலம், 1962-இல் வெள்ளி, 1986-இல் மறுபடி வெண்கலம் வாங்கிய நாடு. 1998 பாங்காக்கிலிருந்து மணல் ஆட்டமும் அங்கே உண்டு. அதில் நமக்கு ஒன்றுமில்லை. ஆசியா முழுவதற்கும் ஒலிம்பிக்கில் இதுவரை மூன்றே பதக்கம்: 2008-இல் சீனப் பெண்களின் வெள்ளியும் வெண்கலமும், டோக்கியோவில் கத்தாரின் ஷெரீஃப், அகமது ஜோடியின் வெண்கலம். 2025-இல் டையூவில் கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகள் தொடங்கியிருப்பதால் இனி ஒரு படிக்கட்டாவது இருக்கிறது.

நமக்கென்று ஒரு சாதகம் உண்டென்றால் காற்று. மணல் ஆட்டத்தில் முதல் இரண்டு செட்டில் ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள். காற்றும் வெயிலும் ஒரே அணிக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் உங்கள் கரையில் பந்தைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள், எங்கே விழும் என்று உங்கள் பையன்கள் பார்க்காமலே சொல்வார்கள். அதை உள்ளரங்கில் வளர்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க வருடங்கள் ஆகும்.

ஆகவே ஆறு பேர் ஆட்டத்தை விட வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, வள்ளம் நிற்கிற மணலுக்குப் பக்கத்திலேயே 16-க்கு 8 மீட்டரில் கயிறு கட்டுங்கள். வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. சிப்பியையும் தூண்டில் முள்ளையும் பொறுக்கிவிட்டு ஆடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஜோடியை மாற்றாமல் விடுங்கள். உங்கள் அணிக்கு ஆள் குறைகிற நாளில் அவர்களைப் பிடித்து இழுக்காதீர்கள். பந்து மணல் ஆட்டத்துக்கான பந்தாகவே இருக்கட்டும். தரைப் பந்தில் இருப்பதைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு காற்று குறைவாக இருக்கும். கல் மாதிரி அடித்து வைத்துவிடாதீர்கள்.