தேசத் தலைவர்களைப் பற்றி டிவியில் போடும் ஆவணப்படங்களை உட்கார்ந்து பார்ப்பவர்கள் நிஜமாகவே உண்டா?

உண்டுங்க. நான் இருக்கிறேன். நீங்கள் கேட்ட தோரணையைப் பார்த்தால், பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் 'பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதி வா' என்று சொல்லியிருப்பார்கள், கூட உட்கார்ந்து மாட்டிக்கொண்டது நீங்கள் என்று படுகிறது.

ஈரோடு பக்கம் சென்னிமலையில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு. குழியில் காலை விட்டு நெய்கிற குழித்தறி இரண்டு, ஒரு கருப்பு வெள்ளை டிவி. 1988 வாக்கில் ஒரு அக்டோபர் 2, தூர்தர்ஷனில் காந்தி படம். வர்ணனை முழுக்க ஹிந்தி, வீட்டில் ஒருத்தருக்கும் ஒரு சொல் விளங்காது. அப்புச்சியே வர்ணனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். தண்டி யாத்திரை வந்ததும் பொடிசுகள் நாங்கள் சிரித்துவிட்டோம். காந்தி சாவி கொடுத்த பொம்மை மாதிரி குடுகுடுவென்று ஓடுகிறார்! "என்றா இளிப்பு? அறுவது வயசுல நடந்தாருடா மனுசன்" என்று தலையில் ஒரு குட்டு. 24 நாள் நடை அது. ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. பேசாப்படக் கேமராவில் நொடிக்கு 16, 18 பிரேம் என்று எடுத்ததை டிவி 25 பிரேமில் ஓட்டினால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள்.

அடுத்து ராட்டை சுற்றும் காட்சி. மூலையில் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) நிமிர்ந்து பார்த்தாள். "பழகுன கைதான்" என்றாள். அப்புறம், "நானுந்தான் நாப்பது வருசமா சுத்தறேன், என்னைய எவன் படம் புடிச்சான்?" என்று குனிந்துகொண்டாள். இன்றைக்கும் அந்தக் காட்சி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு கையை மட்டும்தான் பார்ப்பேன்.

உடனே 'காந்தி பஜனை' என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த மாதிரிப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளிய பிலிம்ஸ் டிவிஷன் 1948இல் அரசாங்கமே தொடங்கியது; மெச்சித்தான் எடுப்பார்கள், எனக்கும் தெரியும். வர்ணனையை நம்பச் சொல்லவில்லை, படத்தைப் பாருங்கள் என்கிறேன். காந்தியைப் பற்றிய துண்டுப் படங்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940இல் முழுப்படமாக வெளியிட்டவர் செட்டிநாட்டு ஏ.கே. செட்டியார். அதுவும் தமிழில்! இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறவர்கள்தான் அதிகம்.

எனக்கு வருத்தமெல்லாம் வேறு. எங்கள் சென்னிமலையில் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடி பட்டு 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அப்போது அப்புச்சிக்குப் பதினாலு வயது. அன்றைக்கு டிவியில் குமரன் வருவார் வருவார் என்று தறியை நிறுத்திவிட்டுக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஜனகணமன கூட முடிந்துவிட்டது.

"வடக்கத்திக்காரன் எடுத்தது, அவனுக்கென்ன தெரியும்" என்று எழுந்து போய்த் தறிக்குழியில் காலை விட்டார்.