குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாத தாய்க்கு

உங்கள் கடிதத்தில் முடி கொட்டுவதும் முதுகுவலியும் முதலில் வருகின்றன. அவற்றுக்குப் பிறகு, அடுத்த கேள்விக்குப் போகிற அவசரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் இல்லாவிட்டால் குழந்தையை இன்னும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று சில இரவுகளில் தோன்றுகிறது." நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முடிந்தால் நாளையே, தள்ளிப்போனால் இந்த வாரத்துக்குள், பிரசவம் பார்த்த மருத்துவரையோ ஒரு மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள். அந்த வரியை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். 'களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்பி வந்துவிடுவீர்கள். கணவரிடம் இன்று இரவே சொல்லுங்கள்.

அந்த எண்ணம் 'எப்படி' என்ற யோசனையாக மாறினால் காலைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கணவரை எழுப்புங்கள், குழந்தையை இன்னொருவர் கையில் கொடுங்கள், தனியாக இருக்காதீர்கள், எந்த நேரமானாலும் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இப்படி ஓர் எண்ணம் வந்ததே பாவம் என்று அஞ்சி அதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நெஞ்சுவலியை யாரும் பாவம் என்று மறைப்பதில்லை. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் உண்மையான கேள்வி. ஜெபிக்க உட்கார்ந்தால் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறேன், வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது, என் விசுவாசம் செத்துவிட்டதா, கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பாட்டு கேட்கப் பிடிக்கவில்லை, சாப்பாட்டில் ருசி இல்லை, தங்கை போன் செய்தால் எடுக்கத் தோன்றவில்லை, குழந்தை சிரித்தால் சிரிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதே தவிர உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விசுவாசம் மட்டும் தளர்ந்திருந்தால் தங்கையின் குரல் ஏன் கசக்க வேண்டும்? எதிலும் மகிழ்ச்சியை உணர முடியாமல் போவது மனச்சோர்வு நோயின் இரண்டு முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. விடாத துக்கம் மற்றொன்று. அந்த மரத்துப்போன நிலை உங்கள் வாழ்க்கையில் எல்லாவற்றையும் தொட்டிருக்கிறது. ஜெபத்தையும் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தூக்கமும் இதையே சொல்கிறது. கணவர் குழந்தையை வெளியே தூக்கிப் போனார், அறை இருட்டு, வீடு அமைதி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விழித்தே கிடந்தீர்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களிடம் நான் தவறாமல் கேட்பது இது: குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா? வெறும் களைப்பாக இருந்தால், "படுத்தால் போதும் டாக்டர், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன்" என்பார்கள். சிலர் பதில் சொல்லாமல், சரியாகவே இருக்கும் குழந்தையின் தொப்பியைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன்.

உங்களைப் பார்க்கும் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் என்ற வினாத்தாளைத் தரக்கூடும். 1987இல் வெளியானது, கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள் கொண்டது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மற்ற ஒன்பதில் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அந்த ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அதில் மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் அது தானே விலகிவிடும். உங்கள் குழந்தைக்கு நான்கு மாதம். இது தானாக விலகும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு, பெரும்பாலும் மனச்சோர்வாக, மனநலப் பாதிப்பு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் சபையில் கைக்குழந்தையோடு பின்வரிசையில் உட்காரும் தாய்மார்களில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் இப்படி இருக்கிறீர்கள் என்று நான் நம்பவில்லை.

மனச்சோர்வுக்கு ஒரு கொடுமையான வழக்கம் உண்டு. ஒருவருக்கு எது மிக அருமையோ, அதிலேயே குற்ற உணர்ச்சியை விதைக்கும். வேலையை நேசிப்பவரிடம் 'நீ எதற்கும் உதவாதவள்' என்று சொல்லும். விசுவாசியிடம் வசனத்தைக் காட்டிப் பேசும்: நன்றிகெட்டவள், கிருபையை வீணாக்கியவள், பிள்ளையை வரமாகப் பெற்றும் முறுமுறுக்கிறவள் என்று. பாவ உணர்வுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். மெய்யான பாவ உணர்வு ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டும், மன்னிப்புக் கேட்டால் பாரம் இறங்கும். உங்களுடையது எதையும் குறிப்பாகச் சுட்டவில்லை, எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் இறங்கவும் இல்லை. அதனால்தான் இதை நோய் என்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கம் செய்த சார்லஸ் ஸ்பர்ஜன் தம்முடைய மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகவே பேசியவர். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் அந்தத் தீர்ப்பு?

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மாமியாருக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு அதைத் தொடாதீர்கள். அந்த வகை மாத்திரை பாலில் கலக்கும், குழந்தையை மந்தமாக்கலாம், பழக்கமாகிவிடும். எல்லாவற்றையும்விட, அதைப் போட்டுக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைப்பது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே தினமும் எடுத்து வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

இழந்த விசுவாசத்தைத் திரும்பப் பெற வாரம் இருமுறை உபவாசம் இருப்பதும் அப்படித்தான். தாய்ப்பாலுக்காக மட்டும் உங்கள் உடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுத்துவிட்டு, நான்கு மணிக்கு அலாரம் வைத்து ஜெபிக்க எழுவதையும் நிறுத்துங்கள். தூக்கமின்மை மனச்சோர்வை நேரடியாகவே மோசமாக்கும். ஏசாவைச் சந்தித்த பிறகு யாக்கோபு என்ன சொன்னார் என்று ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் பாருங்கள். பிள்ளைகள் இளசுகள், மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே ஒரு நாள் வேகமாக ஓட்டினாலும் மந்தை முழுக்கச் செத்துப்போகும் என்கிறார். கூட வரச் சொன்ன அண்ணனை முன்னே போகச் சொல்லிவிட்டு, அவைகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாக வந்தார். ஆடுகளுக்குக் கிடைத்த அந்தச் சலுகையை நீங்கள் உங்களுக்குக் கொடுக்க மறுக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர், மனச்சோர்வு மாத்திரை பாலை வற்றவைக்கும், குழந்தையின் மூளையைக் கெடுக்கும், மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று பேசியதாக எழுதியிருந்தீர்கள். இதைக் கேட்டுவிட்டு எத்தனை தாய்மார்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பாலூட்டும் தாய்மார்களுக்கு முதலில் தேர்வாகும் மருந்துகளில் அதுவும் ஒன்று. மிதமான மனச்சோர்வுக்கு மருந்தில்லாத பேச்சு சிகிச்சையும் நன்றாகப் பலன் தரும். எது வேண்டும் என்பதை உங்களை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். பவுல் லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்றுதான் அழைக்கிறார், அதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது குழந்தையைத் தவறவிட்டுவிடுவது போன்ற காட்சி கண்முன் வந்து உடம்பு நடுங்குகிறது, இது பிசாசின் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இத்தகைய வேண்டாத காட்சிகள் புதிய தாய்மார்கள் மிகப் பலருக்கு வருகின்றன, யாரும் வெளியே சொல்வதில்லை. நீங்கள் நடுங்குவதே நீங்கள் அதை விரும்பவில்லை என்பதற்குச் சாட்சி. உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. தூக்கமே தேவையில்லாததுபோல் சுறுசுறுப்பு, தொடர்பில்லாத பேச்சு, குழந்தை கர்த்தரால் விசேஷமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அல்லது அதற்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்ற உறுதி, கட்டளையிடும் குரல்: இவை பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வின் அடையாளங்கள். ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். பக்தியுள்ள குடும்பங்களில் இதைத் தரிசனம் என்றோ பிசாசின் பிடி என்றோ எண்ணி நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. உங்கள் கடிதத்தில் அதன் சாயல் எதுவும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. முடி கொட்டுவது பிரசவத்துக்குப் பின் மூன்றாவது, நான்காவது மாதத்தில் வழக்கம், குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகும், எண்ணெய் மாற்றத் தேவையில்லை. மறதி தூக்கமில்லாததால். முதுகுவலிக்குக் குனியாமல் குழந்தையை மார்பு உயரத்துக்குத் தலையணை வைத்துப் பாலூட்டுங்கள். பால் போதவில்லையோ என்ற கவலை வேண்டாம்: ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் போதுகிறது என்று பொருள். ஆனால் இரண்டு ரத்தப் பரிசோதனைகளைத் தவறாமல் கேளுங்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும். பிரசவமான முதல் ஓர் ஆண்டில் நூறில் சுமார் ஐந்து பேருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். அது களைப்பையும் முடி உதிர்வையும் சோர்வையும் ஒன்றாகக் கொண்டுவரும்.

கணவருக்கு ஒரு வேலை இருக்கிறது. இரவில் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் நீங்கள் வேறு அறையில் படுங்கள், அந்த நேரத்துப் பாலை முன்பே பீய்ச்சி வைத்துவிட்டால் அவர் கொடுக்கலாம். சபையில் யாராவது "உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்டால், வாரத்தில் இரண்டு மதியம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியைப் பாருங்கள், 19 பிள்ளைகள் பெற்றும் ஜெபத்தை விடவில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார்களாம், அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுதீர்களாம். அந்த 19 பேரில் 9 பேர் சிசுவாக இருக்கும்போதே இறந்துபோனார்கள் என்பதையும், அவர் வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். போதகரிடம் பேச விரும்பினால் பேசுங்கள், மருத்துவரைப் பார்ப்பதற்கு அது மாற்றாகிவிடக் கூடாது. ஜெபம் வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வரிவரை ஆறுதல் வராத ஜெபம் அது. அதையும் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் முடியாத நாளில், உங்களுக்காக ஜெபிப்பதை மற்றவர்களிடம் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மருந்து தொடங்கினால் முதல் இரண்டு, மூன்று வாரம் பெரிய மாற்றம் தெரியாது. பலன் இல்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும், அதை நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு கூடுதல். இன்னொரு குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது, கர்ப்பம் உறுதியாகும் முன்பே இந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.