பாதி வேலையில் அவசரத் திருத்தம் வந்தால்?

கேள்வி: புதிய வசதி ஒன்றைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது, மெயின் பிராஞ்ச்சில் உடனே ஒரு பிழையைத் திருத்தச் சொல்கிறார்கள். கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஸ்டாஷ் போட்டு, அதாவது பாதி வேலையை ஒதுக்கி வைத்து, பிராஞ்ச் மாற்றினால், திரும்பி வரும்போது குழம்பிவிடுகிறது. ரெப்போவை இன்னொரு முறை குளோன் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் தேவையில்லை. 2015-இல் வந்த கிட் 2.5 பதிப்பிலிருந்தே இதற்கென்று ஒர்க்ட்ரீ இருக்கிறது: ஒரே ரெப்போவின் வேறொரு பிராஞ்ச்சைத் தனி ஃபோல்டரில் திறக்கும் வசதி. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று முதலில் 'கிட் ஃபெட்ச்' கொடுத்து சர்வரில் உள்ள புதிய கமிட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து:

கிட் ஒர்க்ட்ரீ ஆட் --நோ-ட்ராக் -பி ஹாட்ஃபிக்ஸ் ../ஹாட்ஃபிக்ஸ் ஆரிஜின்/மெயின்

பக்கத்திலேயே 'ஹாட்ஃபிக்ஸ்' என்ற தனி ஃபோல்டர் வந்துவிடும். '--நோ-ட்ராக்' இல்லாவிட்டால் புதிய பிராஞ்ச் ஆரிஜின்/மெயினையே (சர்வரில் உள்ள மெயின்) அப்ஸ்ட்ரீமாக, அதாவது தன் சர்வர் ஜோடியாகப் பிடித்துக்கொள்ளும். புஷ் செய்யும்போது தகராறு வரும். ஹெட்டும் (இப்போது திறந்திருக்கும் பிராஞ்ச்) இன்டெக்ஸும் (அடுத்த கமிட்டுக்கு ஆட் செய்தவை) ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி. கமிட் வரலாறு பொது. அதனால் இங்கே போட்ட கமிட்டை அங்கே செர்ரி-பிக் செய்ய (அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போட) புஷ், புல் எதுவும் வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்டாஷும் பொதுதான். இங்கே 'ஸ்டாஷ் பாப்' கொடுத்தால் அங்கே ஒதுக்கி வைத்தது வந்து விழும்.

கேள்வி: புதிய ஃபோல்டரில் ஆப் ஓடவே மாட்டேன் என்கிறது. மெயின் பிராஞ்ச்சுக்கு மாறவும் விடவில்லை.

பதில்: கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) இருப்பவை புதிய ஃபோல்டருக்கு வராது. என்வ் ஃபைலை (ஆப்பின் அமைப்புகள், கீகள் உள்ள ஃபைல்) நீங்களே காப்பி செய்ய வேண்டும். ஆப்புக்குத் தேவையான பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டாலை மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு சர்வரையும் 3000 போர்ட்டில் கிளப்பினால் இரண்டாவது கிளம்பாது. அதற்கு 3001 கொடுங்கள். டேட்டாபேஸைப் பிரித்து வைக்க மறப்பவர்கள்தான் அதிகம். ஒரு பிராஞ்ச்சின் மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) மற்றதன் டேபிளை மாற்றிவிட்டால், கோடு தனித்தனியாக இருந்தும் பயனில்லை.

மெயின் பிராஞ்ச் பழைய ஃபோல்டரில் திறந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரே பிராஞ்ச்சை இரண்டு ஒர்க்ட்ரீயில் திறக்க கிட் விடாது. விட்டால், ஓரிடத்தில் கமிட் போட்டதும் மற்ற இடத்தின் ஃபைல்கள் பழையதாகிக் கிடக்கும். '--ஃபோர்ஸ்' போட்டு மீறாதீர்கள். எந்த பிராஞ்ச் எங்கே இருக்கிறது என்று பார்க்க 'கிட் ஒர்க்ட்ரீ லிஸ்ட்'.

கேள்வி: வேலை முடிந்ததும் ஃபோல்டரை டெலீட் செய்தால் போதுமா?

பதில்: 'கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ் ../ஹாட்ஃபிக்ஸ்' கொடுங்கள். கமிட் ஆகாத மாற்றமோ, ஆட் செய்யாத புது ஃபைலோ இருந்தால் அது மறுத்துவிடும். இக்னோர் ஆன ஃபைல்களுக்கு மட்டும் அந்தக் காவல் கிடையாது. என்வ் ஃபைல் சத்தமில்லாமல் போய்விடும். ஏற்கெனவே கையால் அழித்திருந்தால் 'கிட் ஒர்க்ட்ரீ ப்ரூன்' மிச்சக் குறிப்பைத் துடைக்கும். பிராஞ்ச் அப்படியே இருக்கும். அதை மெர்ஜ் ஆன பிறகு 'கிட் பிராஞ்ச் -டி' கொடுத்துத் தனியாக நீக்குங்கள்.